டிரைவைத் தூக்கிப் போடுவதற்கு முன்

கோபிசெட்டிபாளையம்,
தை 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் முந்தாநாள் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டதால் பகலில் காட்டை விட்டு நகர முடியவில்லை. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தம்பியின் கல்யாண டிவிடியைப் போட்டால் கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேன் என்கிறது என்றும், பார்க்க வந்தவர் பார்த்த மாத்திரத்தில் "லென்ஸ் போயிருச்சுங்க, டிரைவைத் தூக்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தூக்கிப் போட வேண்டாம். கடைக்கு வரும் பத்துப் பேரில் பலர் இதே சொல்லோடுதான் வருகிறார்கள். "சிடி எடுக்கவில்லை" என்பது ஒரே புகார்தான் என்றாலும் கோளாறு தகட்டில் இருக்கலாம், லென்ஸில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், விண்டோஸிலும் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பது, எந்தக் காலில் முள் குத்தியது என்று கேட்காமலே ஊசியை எடுப்பது போலத்தான்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மூன்று விதமான தகடுகள் கட்டாயம் இருக்கும்: கம்பெனியில் அச்சடித்து வந்த பாட்டு சிடி ஒன்று, யாரோ கம்ப்யூட்டரில் எரித்து, அதாவது பதிந்து, கொடுத்த சிடி ஒன்று, சினிமா டிவிடி ஒன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மூன்றுமே வேலை செய்து கல்யாண டிவிடி மட்டும் வரவில்லை என்றால் டிரைவ் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தகட்டைத்தான் பார்க்க வேண்டும். சிடி வருகிறது, எந்த டிவிடியும் வரவில்லை என்றால் அதற்கு வேறு பொருள். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் தேவைப்படுகின்றன; ஒரே டிரைவுக்குள் இரண்டும் இருப்பதால் ஒன்று தளர்ந்துபோய் மற்றொன்று நன்றாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான். கம்பெனித் தகடு வருகிறது, எரித்த தகடு மட்டும் வரவில்லை என்றால் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது தகட்டின் சாயம் வெளுத்திருக்கலாம். கம்பெனித் தகட்டில் நுண்ணிய குழிகளை அச்சிலேயே வார்த்து அதன்மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். எரித்த தகட்டிலோ ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு உண்டாக்கிய தடங்கள்தான் இருக்கின்றன; அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் குறைவு என்பதால், மங்கிய லென்ஸ் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

அடுத்தது காதால் கேட்க வேண்டியது. உங்கள் சோமனூரில் பகலில் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது; தறி நிற்கும் நேரமாகப் பார்த்துத் தகட்டைப் போட்டுவிட்டு டிரைவின் அருகில் காதை வையுங்கள். நல்ல டிரைவ் என்றால் தட்டு உள்ளே போனதும் ஒரு சின்னக் கிறுகிறுப்பு, பிறகு தகடு சுழலத் தொடங்கும் "விர்ர்" என்ற சத்தம், அது சீராக நிலைகொள்ளும். சுழலத் தொடங்கி, நின்று, மறுபடியும் தொடங்கி, மூன்று நான்கு முறை முயன்றுவிட்டு அடங்கினால் லென்ஸ் தகட்டின் தடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று அர்த்தம். சுழலவே இல்லை என்றால், பெரும்பாலும் தகடு இருப்பதையே லென்ஸ் அறியவில்லை. நன்றாகச் சுழன்றும் திரையில் ஒன்றும் வராவிட்டால் என் சந்தேகம் விண்டோஸ் பக்கம் திரும்பும்.

விண்டோஸைச் சீக்கிரமே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் மாட்டியுள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிவிடி டிரைவின் பெயர் அங்கே இருக்கிறதா, அதன்மேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பெயரே இல்லை என்றால் கேபினெட்டைத் திறந்து தகவல் வரும் சாட்டா கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். தட்டு வெளியே வந்து போகிறது என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் தட்டை நகர்த்த மின்சாரக் கேபிள் ஒன்றே போதும், தகவல் வருவது வேறு கேபிளில். மஞ்சள் குறியோடு பிழை எண் 39 (Code 39) போன்றதைக் காட்டினால், முன்பு சிடி எரிக்கப் போட்டிருந்த ஏதோ ஒரு மென்பொருளை நீக்கியபோது அது விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை விட்டுச் சென்றிருக்கக் கூடும். அதை நீங்களாகத் தொட வேண்டாம், போனில் கூப்பிடுங்கள், கூடவே இருந்து சொல்கிறேன். டிவைஸ் மேனேஜரிலேயே அந்த டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது ஆபத்தில்லாதது, அதை மட்டும் செய்யலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: டிவிடியைத் திறந்தால் கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் அது டிரைவின் கோளாறே கிடையாது. விண்டோஸ் 10 தானாக டிவிடிப் படம் ஓட்டாது. விஎல்சி பிளேயரைப் போட்டால் போதும்.

மருமகனுடைய லேப்டாப்புக்கு யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய டிரைவ் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதிலும் போட்டுப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 வாசல் 500 மில்லியாம்பியர்தான் தரும், 3.0 வாசல் 900 தரும். தகடு வேகமெடுக்கும் நேரத்தில் சில டிரைவுகளுக்கு 500 போதாது. அப்போது சுழன்று சுழன்று நின்றுவிடும். நீளமான நீட்டிப்பு வயர் இல்லாமல், டிரைவோடு வந்த வயரை நேராகச் செருகுங்கள்.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன். உங்கள் வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் விசைத்தறி ஓடுகிறது. போன முறை வந்தபோது ஜன்னல் கம்பியிலும் மின்விசிறி இறக்கையிலும் பஞ்சுத் தூசி மயிர் போலத் தொங்கிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதே பஞ்சு டிரைவின் தட்டு திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகங்களிலிருந்து வந்த டிரைவுகளைத் திறக்கும்போதும் இதையேதான் காண்கிறேன். ஆகவே உங்கள் டிரைவில் லென்ஸ் "போய்விட்டது" என்பதைவிட லென்ஸ் மூடிக்கிடக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

சுத்தம் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கம்ப்யூட்டரின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது லென்ஸுக்கு நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு, அதிலும் சிடிக்கான அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்கே தெரியாது. டிரைவின் முகப்பில் ஒரு பொடித்துளை இருக்கும். நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதற்குள் விட்டு மெதுவாக அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும், பிறகு கையால் இழுக்கலாம். முகப்புப் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தில் உள்ள நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டால் தகர உறை வந்துவிடும். உள்ளே மிளகு அளவில், நீலச் சாயலோடு பளபளக்கும் ஒரு லென்ஸ் தெரியும். அது மயிரிழை போன்ற கம்பிகளில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது, தகட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஏறி இறங்குவதற்காக. அழுத்தித் தேய்த்தால் அந்தக் கம்பிகள் வளைந்துவிடும், பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. காது குடையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, குழந்தையின் கண் ஓரத்தைத் துடைப்பது போல ஒரே சுற்று சுற்றுங்கள். உலர்ந்த பட்ஸால் இன்னொரு சுற்று. வாயால் ஊதாதீர்கள், எச்சில் திவலை தெறித்தால் தூசியைவிட மோசம். சேலை முந்தானையால் துடைக்கும் யோசனை வீட்டில் யாருக்காவது வந்தால் கட்டாயம் தடுத்துவிடுங்கள். லென்ஸ் நகரும் இரும்புத் தண்டவாளத்தையும் அப்போதே பாருங்கள். தகட்டில் தகவல் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கிப் போகிறது. முதல் பாட்டுகள் நன்றாக ஓடிக் கடைசிப் பாட்டுகள் மட்டும் சிக்கினால், கிரீஸ் காய்ந்துபோய் லென்ஸ் வண்டி ஓரம் வரை போக முடியாமல் நிற்கிறது என்பதும் ஒரு காரணம்.

தகட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும், இதுவரை உங்களிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா கோயில் நோன்பில் உடுக்கை அடித்து, நம் கொங்கு நாட்டுப் பாட்டுக் கதையான அண்ணன்மார் கதை பாடியதைப் பெரியவர்கள் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள் அல்லவா, அதை 2004இல் ஆறு சிடியாக மாற்றி வாங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகித ஸ்டிக்கர் ஒட்டி, இன்ன இரவு, இன்ன பகுதி என்று அப்பாவே தன் கையால் எழுதினார். அவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து எடுத்துப் போட்டபோது ஆறாவது சிடி, அண்ணன்மார் போரில் விழும் படுகளம் பாடிய இரவு, வரவில்லை. மூன்று நாள் டிரைவைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். பிறகு, ஓரத்தில் ஸ்டிக்கர் சுருண்டிருப்பதால் தகடு ஆடுகிறதோ என்று எண்ணி அதை நகத்தால் நிமிண்டி இழுத்தேன். காகிதத்தோடு கூடவே வெள்ளிப் படலமும் உரிந்து வந்தது. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்குக் கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவியது.

சிடியில் தகவல் இருப்பது நாம் பளபளப்பாகக் காணும் அடிப்பக்கத்தில் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் தகட்டில் தகவல் படலம் எழுத்து இருக்கும் மேல்பக்கத்தை ஒட்டி, வெறும் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அடிப்பக்கத்துக் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். மேல்பக்கம் உரிந்தால் தகவலே இல்லை. உள்வட்டம் உரியாமல் இருந்ததால் அந்தச் சிடியில் முதல் 31 நிமிடம் மட்டும் மீண்டது, அண்ணன்மார் விழும் இடத்துக்கு முன்பே அப்பாவின் குரல் நின்றுவிடுகிறது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே அதைச் செய்தேன் என்பது இன்றும் மனதைப் பிசைகிறது.

உங்களுடையது டிவிடி என்பது ஆறுதலான விஷயம். அதில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, தகவல் படலத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்காதீர்கள், ஒட்டே பிரிந்துவிடலாம். அடிப்பக்கத்தை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தகவல் தடம் சுருளாகச் சுற்றிச் செல்வதால், நேர்கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடிப் பொழுதே குறுக்கிடும், சுற்றிலும் விழும் கீறல் ஒரே தடத்தை நீளமாகத் தின்றுவிடும். சிடியின் பிழைதிருத்த முறை சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை அழிந்த தடத்தை முழுமையாக மீட்டெடுக்கும். டிவிடியில் இன்னும் அதிகம். அதற்கு மேல் அழிந்தால் கை விரித்துவிடும்.

எப்பாடுபட்டாவது ஒரு முறை படித்துவிட்டால், அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இன்னொரு நகலைத் தம்பி வீட்டிலும் வையுங்கள். 2006இல் எரித்த தகடு இத்தனை வெயிலைப் பார்த்துவிட்டது, இன்று படித்தது நாளை படிக்கும் என்று நம்ப முடியாது. கல்யாணச் சடங்கான இணைச்சீரில் அக்கா கூடையோடு வருவதும் உங்கள் அம்மா பின்னால் நின்று சிரிப்பதும் அந்த ஒரு தகட்டில்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேலே சொன்னவை ஒன்றும் பலிக்காவிட்டால் திரும்பத் திரும்பப் போட்டுத் தகட்டை வருத்தாமல் எடுத்து வைத்துவிடுங்கள். கடையில் பழைய டிவிடி ரைட்டர்கள் மூன்று வைத்திருக்கிறேன். ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை மற்றொன்று எடுப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இருக்கிறது. அது எளிதில் வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு பொறுமையாக அவற்றுக்குத் திரும்பும். அந்தக் குறிப்புக் கோப்பு இருப்பதால், முதல் டிரைவ் விட்ட இடத்தை இரண்டாவது டிரைவில் போட்டு அதே நகலில் நிரப்பலாம். ஓர் இரவு முழுக்க ஓடட்டும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, வருவீர்கள் அல்லவா, அப்போது தகட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். காரின் முன்கண்ணாடி ஓரத்திலோ வண்டி சீட்டுக்கு அடியிலோ வைக்க வேண்டாம், அந்த வெயிலில் தகடு நெளிந்துவிடும். டப்பாவில் போட்டு, துணிப் பைக்குள் துண்டுக்கு நடுவே செருகி, மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். டிரைவையும் கழற்றி எடுத்து வந்தால் நானே திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்