அது தாஜ் அல்ல, வாட்சன்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இந்திய சினிமாவின் தொடக்க காலம் பற்றிய கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியர் சகோதரர்களின் படங்கள் மும்பையில் முதன்முதலாகத் தாஜ் ஹோட்டலில் காட்டப்பட்டதாக அச்சாகியிருக்கிறதே! காட்சி நடந்தது 1896 ஜூலை 7 அன்று. தாஜ் திறக்கப்பட்டதே 1903 டிசம்பரில்தான். ஒரு ரூபாய் கட்டணத்தில் படம் ஓடிய இடம் தென் மும்பையின் காலா கோடா பகுதியில் உள்ள வாட்சன் ஹோட்டல். அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தங்கியதும் அங்கேதான்.

வாட்சன் என்றதும் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள்: ஜாம்ஷெட்ஜி டாடாவை உள்ளே விட மறுத்தார்கள், அந்த ரோஷத்தில் அவர் தாஜைக் கட்டினார் என்று. வாட்சன் வெள்ளையருக்கான ஹோட்டலாக இருந்தது உண்மை. டாடாவைத் தடுத்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வரலாறு எழுதுபவர்களில் பலர் அதை ஏற்பதில்லை. கேட்க நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்ட கதை அது.

அந்தக் கதையின் நிழலில் மறைந்துபோனது கட்டடத்தின் உண்மையான பெருமை. ஜான் வாட்சன் என்ற துணி வியாபாரிக்காக அதை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பெரிய கூரையிலும் பங்கு பெற்ற பொறியாளர். தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கின. 1867 முதல் 1869 வரை அவற்றை இங்கே பொருத்தி நிறுத்தினார்கள். சுமையெல்லாம் இரும்புச் சட்டகத்தின் மேல். செங்கல் சுவர் இடைவெளியை அடைக்க மட்டுமே. பிற்காலத்து அடுக்குமாடிகளின் தத்துவம் அன்றைக்கே இங்கு வந்துவிட்டது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் வார்ப்பிரும்புக் கட்டடங்களில் மிகப் பழமையானதாக இதைத்தான் சொல்கிறார்கள்.

பிற்காலத்தில் ஹோட்டல் மூடப்பட்டு, எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர் மாறி, அறைகள் துண்டு துண்டாக வாடகைக்குப் போயின. எதிரே சிட்டி சிவில் நீதிமன்றம் என்பதால் வக்கீல் அலுவலகங்களே அதிகம். தடுப்புகளும் பரண்களும் ஏறிக்கொண்டே போயின, பராமரிப்பு இல்லை. 2005இல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து ஒருவர் இறந்தார். 2019இல் ஐஐடி மும்பையின் அறிக்கை இடித்துவிடலாம் என்றது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். காப்பாற்ற முடியும் என்று வாதிட்ட பாரம்பரியக் கட்டடப் பொறியாளர்களும் இருந்தார்கள். என் கட்சி அவர்களுடையதுதான். பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டியதைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பழுது பார்க்க ஏன் முடியாது? செலவு அதிகம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். ‘முடியாது’ என்று சொல்ல வேண்டாம்.

ரயில்வேயில் நூறு வயது கடந்த இரும்புப் பாலங்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு முறை அழைத்துக் காட்டலாம். சர்ச்கேட் ரயில் நிலையத்திலும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலும் (சி.எஸ்.எம்.டி.) இருக்கும் அவர்களுடைய தலைமை அலுவலகங்கள் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான்.

— ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை