தண்ணீருக்குத் தக்க உடுப்பு

தாவுப்போ, நியூசிலாந்து
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் இங்கு நலம். அங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உங்கள் இருவரின் நலமும் தம்பியின் நலமும் அறிய ஆவல்.

வருகிற சனிக்கிழமை ஏரியில் கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகை ஓட்டப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னதை அவன் அப்படியே வீட்டில் ஒப்பித்துவிட்டான் என்றும், அதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை என்றும் கேள்விப்பட்டேன். தொலைபேசியில் விளக்கினால் பாதி காதில் விழும், மீதியைத் தம்பி தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்வான். ஆகவே எழுதுகிறேன். அப்பா, இதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பயம் வீண் பயமல்ல. இந்த ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் பயப்படும் தண்ணீர் இது. அந்தப் பயம் இருப்பதால்தான் ஒரு காலை நேரம் படகு ஓட்டுவதற்குப் பல வாரங்களாக ஆயத்தம் செய்கிறோம்.

தாவுப்போ ஏரியின் பரப்பு 616 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவை இரண்டு முறை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். பழங்காலத்தில் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய நீர் என்பதால் ஆழமும் அதிகம். கோடையில் மேல்நீரின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வரும், குளிர்காலத்தில் 11 டிகிரிக்கு இறங்கிவிடும். இப்போது இலையுதிர் காலம், 14 டிகிரி அளவில் இருக்கிறது. நம் புளூஸ் ஆற்றில் குளித்து வளர்ந்த நமக்குத் தண்ணீரின் வெப்பத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமே கிடையாது. மழை பெய்து ஆறு கலங்கியிருக்கிறதா, இழுப்பு அதிகமா என்பதைத்தான் பார்ப்போம். இங்கே எல்லாக் கேள்விக்கும் முன்னால் வரும் கேள்வி தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான்.

அப்படியானால் வெயில் காலம் வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று அப்பா கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கற்றுத்தரும் நண்பர், இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்தவர், அனல்நீராவி மின்நிலையத்தில் என்னோடு வேலை செய்பவர், வேறு விதமாகச் சொன்னார். பெரிய ஏரி மெதுவாகச் சூடாகி மெதுவாகவே குளிரும். ஆகையால் இலையுதிர் காலத்தில் காற்று சில்லென்று இருந்தாலும் தண்ணீர் கோடையின் சூட்டை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் நிலைமை நேர்மாறு: வெயில் பளிச்சென்று அடித்து வா வா என்று கூப்பிடும், தண்ணீரோ குளிர்காலத்தின் குளிரைவிட்டு இன்னும் மீண்டிருக்காது. அந்த வெயிலை நம்பி அரைக்கால் சட்டையோடு இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காற்றுக்கு உடுத்தாதே, தண்ணீருக்கு உடுத்து என்பது இங்குள்ள படகுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் விதி. படகு கவிழ்ந்தால் நான் இருக்கப்போவது வெயிலில் அல்லவே.

தம்பி, இந்தப் பகுதியை நீ இரண்டு முறை படி. உனக்கு நீச்சல் நன்றாக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால், உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை இழுத்துவிடும். அந்தக் கணத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. தொடர்ந்து மூச்சு இரைக்கும், நெஞ்சு படபடக்கும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் குளிரால் மனித உடலுக்கு நேர்வதை ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1, 10, 1 என்ற கணக்காகச் சொல்லியிருக்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இது உறைபனி அளவுக்குக் குளிர்ந்த நீருக்கான கணக்கு, 14 டிகிரியில் அவகாசம் சற்றுக் கூடும். ஆனாலும் வரிசை மாறாது. குளிர்ந்து விறைத்து இறப்பதற்கு வெகு முன்பே, முதல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறியோ, பிறகு விரல்களும் கைகளும் வேலை செய்யாமல் நீந்த முடியாமல் போயோ மூழ்கிவிடுகிறார்கள் என்பதே அதில் கவனிக்க வேண்டியது. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் கட்டியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். அந்த ஒரு நிமிடத்தில் அதைத் தேடி எடுத்து மாட்ட யாராலும் முடியாது.

அந்த அங்கியை வாங்கும்போது நண்பரும் கூடவே வந்தார். அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு பக்கப் பட்டைகளை, கடைசியாகத் தோள்பட்டைகளை இறுக்க வேண்டும். அதன்பின் அவர் என் தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கினார். நான் முதலில் போட்டுப் பார்த்தது நேராக என் காது வரை ஏறி வந்துவிட்டது. தண்ணீரிலும் அது அப்படித்தான் ஏறும், நீ கீழே போவாய் என்று சொல்லி அதை மாட்டிய இடத்திலேயே வைத்துவிட்டார். ஒரு அளவு சிறியதை வாங்கினோம். அதில் ஒரு விசில் தொங்குகிறது.

உடுப்பு விஷயத்தில் அப்பாவுக்குச் சொல்ல எனக்கு ஆசையான செய்தி ஒன்று உண்டு. குளிர்நீருக்கான உடுப்பு இரண்டு வகை. ஒன்று நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்தது, உடம்போடு ஒட்டியிருக்கும். தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும், வந்த தண்ணீரை உடம்பே சூடாக்கிக்கொள்ளும். மற்றது தண்ணீரே உள்ளே வராத முழு உடுப்பு. நண்பர் தம்முடைய பழைய முழு உடுப்பு ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதன் கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுப்பவை மெல்லிய ரப்பர் வளையங்கள், அவை இயற்கை ரப்பர்ப் பாலில் செய்தவை. வேறு பொருளிலும் இப்போது வருகின்றன என்றாலும் பால்மரத்து ரப்பரைப்போல் நீண்டு சுருங்கித் தோலோடு ஒட்டுவது வேறில்லை என்று பலர் இதையே கேட்டு வாங்குகிறார்கள். நீங்கள் விடியுமுன் நெற்றிவிளக்கோடு வெட்டப் போன மரத்தின் பாலை நான் முதன்முதலாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டது இங்கேதான். மோதிரமும் கடிகாரமும் அதைக் கிழித்துவிடும். வெயிலும் எண்ணெயும் பட்டால் நைந்துபோகும், ஆகவே நிழலில் காயவைத்து டால்கம் பவுடர் தூவி வைக்கிறோம். இதையெல்லாம் நண்பர் எனக்கு விளக்கியபோது, எங்கள் வீட்டில் இது ஏற்கெனவே தெரிந்த செய்தி என்று சொல்லிச் சிரித்தேன்.

இந்த முழு உடுப்பு தண்ணீரைத் தடுக்குமே தவிர, தானாகச் சூடு தராது. சூடு தருவது உள்ளே போடும் துணி. பருத்தி கூடவே கூடாது. அது வியர்வையையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு உடம்பின் சூட்டையும் இழுத்துவிடும். நனைந்தாலும் ஓரளவு சூடு காப்பது கம்பளி. இந்த ஊரில் மெரினோ ஆட்டுக் கம்பளிக்கா பஞ்சம்? பழைய துணிக்கடையிலேயே நல்ல உள்சட்டைகள் மலிவாகக் கிடைத்தன. உடுத்தி முடித்ததும் கழுத்து வளையத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று வெளியேறும். அது உள்ளேயே தங்கினால் தண்ணீரில் கால்கள் மேலே மிதந்து தொந்தரவு தரும். கம்பளித் தொப்பி, நியோப்ரீன் காலணி, கையுறை ஆகியவையும் தயார்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தைரியம் தந்தது, நகரத்து வெந்நீர்க் குளத்தில் செய்த பயிற்சி. கயாக்கில் இடுப்பு வரை உள்ளே உட்கார்ந்து, அலைத்தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் கட்டிய ஒரு மூடியைப் படகின் வாய் விளிம்பைச் சுற்றி இழுத்து மாட்டுகிறோம். கவிழ்ந்தால் அந்த மூடியோடு தலைகீழாகத் தொங்குவோம். மூடியின் முன்பக்கத்தில் ஒரு பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயந்து பின்பக்கம் சாயாமல், முன்னால் குனிந்து, விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அந்தப் பட்டையைப் பிடித்து முன்னோக்கித் தள்ளி இழுத்தால் மூடி கழன்றுவிடும். பிறகு இரண்டு கைகளையும் இடுப்புப் பக்கமாக விளிம்பில் ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுவதுபோலப் படகை இடுப்பிலிருந்து தள்ளிவிட வேண்டும். படித்தால் நீளமாகத் தெரிகிறது, தண்ணீருக்குள் சில நொடிதான். முதல் தடவை மூக்கெல்லாம் தண்ணீர் ஏறியது. பிறகு நண்பர் என்னை அவசரப்பட விடாமல், தலைகீழாக இருக்கும்போதே படகின் அடியைக் கையால் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் பட்டையைத் தேட வேண்டும் என்று பழக்கினார். தட்டும் அளவுக்கு நிதானம் இருந்தால் வெளியே வரவும் நிதானம் இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தப் பட்டை தவறி மூடிக்கு உள்ளே மடிந்துவிட்டால் ஆபத்து. அதனால் இறங்குமுன் ஒருவர் பட்டையை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயம்.

வெளியே வந்தபின் கரையை நோக்கி நீந்தக் கூடாது. படகையும் துடுப்பையும் விடாமல் பிடித்திருக்க, மற்றவர் வந்து என் படகின் மூக்கைத் தம் படகின்மேல் இழுத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார், நான் ஏறிக்கொள்வேன். இதையும் பழகியாயிற்று. தனியாகப் போகும் எண்ணமே எனக்கில்லை.

தம்பி காட்டிய காணொளியில் அம்மா பார்த்த ஹூக்கா அருவி நாங்கள் போகும் இடத்தில் இல்லை. ஏரியிலிருந்து வைக்காத்தோ ஆறு புறப்படும் வாய்க்கு அப்பால், ஆற்றின் போக்கில் அது இருக்கிறது. வினாடிக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டும் அந்தப் பக்கம் எந்தப் புதியவரையும் விடமாட்டார்கள். நாங்கள் இறங்குவது அக்கேசியா குடாவில், கரையை ஒட்டியே போய்த் திரும்பி வருவோம். நான் பயப்படுவது அருவிக்கல்ல, காற்றுக்கு. கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றில் கரையோரத்துத் தண்ணீர் அசையாமல் அமைதியாகத் தெரியும், ஆனால் திரும்பி வரும்போதுதான் எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டியிருக்கும். முதல் நாளே வானிலை அறிக்கை பார்த்து, காலையிலும் பார்த்து, காற்று கூடும் என்றிருந்தால் போகாமல் நிற்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ஏரியின் மேற்குப் பக்கப் பாறையில் ஙாத்தோரோய்ரங்கி என்ற மாவோரி மூதாதையின் பெரிய முகம் 1970களின் இறுதியில் செதுக்கப்பட்டிருக்கிறது, படகில் போனால்தான் கிட்டே பார்க்கலாம். என் நண்பர் அவர் வழிவந்த தூவாரெத்தோவா இனத்தைச் சேர்ந்தவர். அங்கே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்தத் தடவை அல்ல. முதலில் கரையோரம் ஒழுங்காகப் போய் வா, பாறை எங்கும் ஓடிவிடாது என்கிறார்.

நீர்புகாப் பையில் மாற்றுத்துணி ஒரு முழு ஜோடி, துண்டு, ஒரு குடுவையில் சர்க்கரை தூக்கலாகச் சூடான மைலோ, அம்மா அனுப்பிய முறுக்கு ஆகியவை இருக்கும். பீர் கொண்டுவரலாமா என்று கேட்ட ஒரு பையனுக்கு நண்பர் பதில்கூடச் சொல்லவில்லை. குடித்தால் சூடாவதுபோல் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு தோல்வழியாக வேகமாக வெளியேறும்.

நாங்கள் எங்கே இறங்குகிறோம், எந்த வழி, எத்தனை பேர், படகுகள் என்ன நிறம் என்பதையெல்லாம் எழுதி, பக்கத்து வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே காலை 10 மணிக்கு இறங்குவோம், அப்போது உங்களுக்கு 6 மணி. நண்பகலுக்குள் கரையேறிவிடுவோம். 12.30க்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் அக்கா 111க்கு அழைத்து எல்லா விவரத்தையும் சொல்வார். கரையேறிய செய்தி அக்காவுக்குப் போன கையோடு உங்களுக்கும் வரும், அதாவது காலை 9 மணிக்குள். அதற்கு முன் அம்மா அழைக்க வேண்டாம். கைப்பேசி பைக்குள் மூடியிருக்கும், கையுறையோடு எடுக்க முடியாது.

தம்பி டிசம்பரில் வரும்போது ஜீன்ஸைக் குறைத்துக்கொண்டு வரட்டும். ஏரிக்கு வர ஆசையிருந்தால் அவன் நெஞ்சின் சுற்றளவை அளந்து இப்போதே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அங்கிக்குச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்