அண்ணன்மார் கதையைப் படமெடுப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றிய கொங்கு நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையைப் படமாக்க வேண்டும் என்ற பேச்சு ஈரோடு, காங்கயம் பக்கம் அடிக்கடி எழுகிறது. எழுந்த வேகத்தில் கிராபிக்ஸ் செலவுக்கும் குதிரை வாடகைக்கும் போய்விடுகிறது. அதற்கு முன் இரண்டு மேற்கு ஆப்பிரிக்கப் படங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒன்று, புர்கினா ஃபாஸோவின் டானி குயாத்தே 1995இல் எடுத்த ‘கெய்ட்டா’. மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் கதை. காட்டெருமையாக உருமாறும் பெண், நடக்க முடியாத பிள்ளை எழுந்து நிற்பது, அவன் ஊரைவிட்டுப் போவது, அதோடு சரி. பெரும்போர் படத்திலேயே கிடையாது. காசும் மிச்சம், கதையும் கெடவில்லை. முக்கியமாக, கதைசொல்லியை வெளியே தள்ளவில்லை. கிராமத்திலிருந்து நகரத்து வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடப் பையனுக்கு கெய்ட்டா என்ற அவன் குலப்பெயரின் கதையைச் சொல்கிறார் ஒரு முதியவர். படிப்பு கெடுகிறது என்று தாயும் வாத்தியாரும் மல்லுக்கு நிற்க, பாதிக் கதையில் கிளம்பிவிடுகிறார். அந்த வேடத்தில் இயக்குநரின் தகப்பனார் சொத்திகி குயாத்தே. பரம்பரைக் கதைசொல்லிகளின் குடும்பம். நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்தவரும் இவரே.

நம் ஆட்கள் திரைக்கதையில் முதலில் வெட்டுவது, உடுக்கை அடித்து இந்தக் கதையைப் பாடிச் சொல்லும் உடுக்கடிப் பாட்டுக்காரரைத்தான். பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் அந்த நடை போனால் மிஞ்சுவது இன்னொரு ராஜா படம். படுகளத்தில், அதாவது போர்க்களத்தில், விழுந்தவர்களை எழுப்பும் இடத்தைத் துண்டு துண்டாக வெட்டாமல், உடுக்கைச் சத்தம் அறுபடாமல், ஒரே ஷாட்டில் எடுக்கலாம். குரலுக்குத் தனி மைக், உடுக்கைக்குத் தனி மைக் வேண்டும். ஒரே மைக் என்றால் உடுக்கை குரலை விழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்டுடியோவிலும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது வரும் விம்மலின் மேல் வயலினைப் பூசுவது வீண் வேலை.

இன்னொன்று, மாலியின் சுலைமான் சிஸ்ஸே எடுத்த ‘யீலன்’. 1987இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் பரிசு பெற்றது. தகப்பனும் மகனும் மந்திரத்தால் மோதும் கதை. ஆளும் நாயும் பின்பக்கமாக நடப்பது, பிலிமைத் திருப்பி ஓட்டிய வித்தைதான். இதைத் திரையிடும் நண்பர்கள் கதவைச் சீக்கிரம் சாத்திவிட வேண்டும். கோமோ என்ற ரகசிய வழிபாட்டையும் மந்திரக் கோலையும் விளக்கும் எழுத்துகள் தொடக்கத்திலேயே வந்துபோகின்றன. தவறவிட்டவர்களுக்குப் பின்பாதி புரியாது. முடிவில் இருவரையும் விழுங்குவது கண்கூசும் ஒளி. கல்யாண மண்டபத்தில் ஜன்னல்களை மூடாமல் போட்டால் அந்த ஒளிக்கு வேலையே இல்லை.

இப்படிக்கு,
திரையிடல் வேலை பார்க்கும் நண்பர்கள்,
பெருந்துறை