துக்க வீட்டுக்கு உள்ளே வராவிட்டால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொள்ளைநோய்க் காலத்தில் முதியோர் தம்மைக் காத்துக்கொள்வது பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகக்கவசம், சோப்பு, தடுப்பூசி எல்லாம் சரி. எங்கள் பக்கம் வயதானவர்களுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் முக்கியமான இடத்தைத்தான் அதில் காணோம்: துக்க வீடு.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகாதே என்றால் போகமாட்டோம். ரேஷனுக்குப் பேரன் போவான். பங்காளி வீட்டுச் சாவுக்கு எப்படிப் போகாமல் இருப்பது? 2020-இல் கொரோனாவின்போது இறுதிச் சடங்குக்கு 20 பேர்தான் என்றார்கள். அந்த இருபதில் முன்னால் நிற்பது யார்? எங்களைப் போன்ற கிழடுகள்தான். காற்றோட்டமில்லாத கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிக் கட்டிப்பிடித்து அழுவார்கள். முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடும். பேச்சிலும் அழுகையிலும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும்.

என் மாமன் மகன் இறந்தபோது நான் உள்ளே போகவில்லை. மாலையைப் பேரனிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "தபால்காரருக்கு உசுரு மேல அவ்வளவு ஆசையா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். ஆசைதான். சர்க்கரைக்காரன் வேறு.

வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டி 'காய்ச்சல் இல்லை, உள்ளே போங்க' என்பதையும் நம்ப முடியாது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் சில சமயம் காய்ச்சலே அடிக்காது. அசதி, சோறு இறங்காமை, திடீரென்று நினைவு தடுமாறுவது, இப்படித்தான் தெரியவரும். வீட்டில் இருப்பவர்கள் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

அதனால் ஊர்க்கவுண்டர்களும் பெரியவர்களும் அடுத்த நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே பேசி முடிவெடுக்கட்டும். தொற்றுக் காலத்தில் உடலை வெளிப் பந்தலில் வைக்க வேண்டும்; அறுபது தாண்டியவர்கள் தள்ளி நின்று கும்பிட்டாலே போதும்; காரியத்துக்கு வராதவர்கள் மேல் யாருக்கும் வருத்தம் கூடாது. ஊரே சொன்னால் யாரும் ஏச மாட்டார்கள்.

அரசுக்கும் ஒன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளர்கள், தொற்றுக் காலத்தில் விரலில் ஆக்சிமீட்டரையும் மாட்டிப் பார்க்கட்டும். அதில் காட்டும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்கும் ஏற்பாடு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.