செலானுக்கு இல்லாத தண்டனை கிளெய்முக்கு ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாதம் ஒரு செலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) வாங்குபவருக்கும் விதி தவறாமல் ஓட்டுபவருக்கும் நம் நாட்டில் கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஒரே விலைதான். நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இன்ஜின் சிசியை வைத்து அரசே தொகையை நிர்ணயிக்கிறது. மற்றொரு பகுதியான சொந்தச் சேதத்துக்கு, அதாவது நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 'நோ கிளெய்ம் போனஸ்' உண்டு. கிளெய்ம் (இழப்பீடு கேட்பது) இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினாலும் பொதுவாக அது மொத்தமும் போய்விடும். ஓரமாக நிறுத்தியிருந்த காரில் வேறொருவர் இடித்திருந்தாலும், நம் பாலிசியில் கேட்டால் இதே கதிதான். இது அநியாயம்.

ஆகவே பட்டறையில் "இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்" என்றதும் தலையாட்டாதீர்கள். சொந்தச் சேத பிரீமியம் 12,000 ரூபாய் என்றால், 50 சதவீத போனஸ் உள்ளவர் 6,000 கட்டுகிறார். கிளெய்முக்குப் பின் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 என்று ஐந்து ஆண்டுகள் கட்டிய பிறகே பழைய 6,000 திரும்பும். அடிப்படைத் தொகை மாறாவிட்டால் கூடுதல் செலவு 15,000. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 17,700. கையில் வருவதோ சொற்பம். பம்பருக்கு 5,000, கூலியும் பெயின்டும் 3,000 என்று பில் வந்தால், பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி, நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 4,500-ஐத் தாண்டாது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி எடுத்திருந்தாலும் போனஸ் போவது போவதுதான்.

கம்பெனி மாறும்போது பழைய கிளெய்மை மறைத்து போனஸ் வாங்கித் தருவதாகச் சில முகவர்கள் சொல்வார்கள். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரித்தால் உண்மை வெளிவரும். பெரிய விபத்தில் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் கிடையாது.

போக்குவரத்து விதிமீறலுக்கேற்ப பிரீமியம் வாங்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு 2021 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று அட்டவணையும் கொடுத்தது. நாடு முழுவதும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். அதுவரை, இந்தக் கிளெய்மால் எவ்வளவு போனஸ் போகும் என்பதை ரூபாய்க் கணக்கில், தமிழில், கிளெய்ம் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கம்பெனிகள் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் காப்பீட்டுத் துறை வாசகர், மதுரை