மூன்று கிலோமீட்டர் சாலைக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும்

மாவட்ட அலுவலகம், நகராண்மைக் கழகம், பொதுப்பணி இலாகா, தோட்ட நிர்வாகம் ஆகிய நான்கு இடங்களிலும் பொறுப்பில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கம்.

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுவதன் காரணம் உங்களுக்கே தெரியும். தனித்தனியாக எழுதியவை எல்லாம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கடைசியில் என் பட்டறைக்கே திரும்பி வந்துவிட்டன.

எந்தச் சாலை என்றும் நான் விளக்கத் தேவையில்லை. பெரிய ரோட்டு முச்சந்தியில் ஆரம்பித்து, பழைய ரப்பர் ஆலையைத் தாண்டி, தமிழ்ப்பள்ளி வாசல் வழியாகத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் புதிய வீடமைப்புக்கும் போகிற மூன்று கிலோமீட்டர். செம்பனைக் குலை லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான சாலை. படங்களும் புகார் எண்களும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. கடந்த மே 25ஆம் தேதி அந்தச் சாலையில் நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எங்கள் கோயில் இளைஞர் குழுப் பிள்ளைகள் லங்காவித் தீவில் நடக்கிற லீமா என்ற விமான, கப்பல் கண்காட்சியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்து ஹார்னெட் போர் விமானங்களின் இரைச்சலை வட பேராக்கில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே கேட்டிருப்பார்கள். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அது போய்விடும். ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. 1991 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற கண்காட்சி. இந்த முறை விட்டால் அடுத்தது 2027. சரி, போகலாம் என்று முடிவு செய்தோம்.

ஏழு மோட்டார், பதினொரு பேர். எல்லாமே கப்சாய் என்கிற சின்ன மோட்டார்தான். நான் முச்சந்தியில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். புறப்படுவதற்கு முந்திய வாரம் ஏழு மோட்டாரையும் பட்டறையில் ஏற்றி, பிரேக் ஷூ, செயின், டயர், வீல் பேரிங், முன் விளக்கு எல்லாவற்றையும் என் கையாலேயே பார்த்தேன். இரண்டு மோட்டாருக்கு டயர் மாற்றினேன். "வண்டியில் ஏதாவது கோளாறு இருந்திருக்கும்" என்று உங்கள் அலுவலகம் ஒன்றில் எனக்குப் பதில் சொன்னார்கள். கோளாறு எதுவும் இல்லை. இருபத்தாறு வருடமாக இந்த வேலை செய்கிறவன் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பி நெடுஞ்சாலை வழியாக வடக்கே போனோம். இடப்பக்கம் ஜெராய் மலை வந்தது, அதைத் தாண்டியதும் கெடா வயல்வெளி. இரவு அலோர் ஸ்டாரில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம். மறுநாள் விடியற்காலை மோட்டார்களைக் கோலக் கெடாவில் பூட்டி வைத்துவிட்டுப் படகேறினோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கடல் பயணம். அதில் பாதிப் பேர் முதன்முதலாகக் கடலைக் கடந்தவர்கள்.

சுகோய் 30 போர் விமானம் செங்குத்தாக மேலே ஏறியபோது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் என் மனத்தில் தங்கியது வேறு ஒன்று. நிறுத்தி வைத்திருந்த விமானம் ஒன்றின் பக்கத்தில் நின்ற விமானப்படை வீரரிடம் எங்கள் பையன் ஒருவன் மலாயில் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். படிவம் ஐந்து படிக்கிறவன். பள்ளி விட்டதும் என் பட்டறைக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். விமானம் பழுதுபார்க்கும் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவன் எண்ணம். அந்த வீரர் பொறுமையாக விளக்கினார். ஓடுபாதையை ஒவ்வொரு நாளும் பலமுறை சோதிப்பார்களாம். வரிசையாக நடந்து போய், கையால் பொறுக்குவதும் உண்டாம். ஒரு திருகாணி, ஒரு சின்னக் கல் கிடந்தால்கூட இஞ்சின் உறிஞ்சிவிடும், டயர் வெடித்துவிடும் என்றார். 2000ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானம் எரிந்து விழுந்ததற்கு, ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு டயரைக் கிழித்ததே தொடக்கம். 113 பேர் போனார்கள். பையன் இதை எல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில் தைப்பிங்கில் இறங்கினோம். 1883இல் தொடங்கிய அருங்காட்சியகத்தையும், அதன் வெளியே நிற்கும் பழைய வாகனங்களையும் பார்த்தோம். அப்புறம் கோல செப்பாத்தாங் போய், போர்ட் வெல்ட் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். அதில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. நாட்டின் முதல் ரயில் பாதை அது. தைப்பிங்கிலிருந்து எட்டு மைல், 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையாட்கள் போட்ட பாதை. கடைசிப் பகுதி சதுப்புநிலக் காடு. ஈயம் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் சேற்றையும் கடந்து எட்டு மைல் தண்டவாளம் போட முடிந்திருக்கிறது.

பிறகு மழை பிடித்தது. தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மேம்பாலத்தின் கீழே ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்று, விட்ட பிறகு மெதுவாக வந்தோம். முச்சந்தி வந்தபோது இரவு ஏழே முக்கால். போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. நான் முன்னால் போய்க் கையால் சைகை காட்டினேன். இந்தச் சாலையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் மழைத் தண்ணீர் நிறைந்துவிட்டால் குழி எது, சாலை எது என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் ஆலைக்கும் பள்ளிக்கும் நடுவில் எரிகிற விளக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்தாவதாக வந்த மோட்டாரின் முன் சக்கரம் பள்ளிக்கு முன்னால் உள்ள குழியில் இறங்கியது. ஓட்டியவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவன் அந்தப் படிவம் ஐந்து பையன். கையை ஊன்றி விழுந்தான்.

ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் முச்சந்திக்கு வந்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முச்சந்தியிலிருந்து அவன் கிடந்த இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டு பிள்ளைகள் கைவிளக்கோடு முன்னால் நடந்து குழிகளைக் காட்ட, ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது.

வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிவு. தகடு வைத்தார்கள். அவன் எழுதுவதும் வலது கையால்தான், ஸ்பேனர் பிடிப்பதும் அந்தக் கையால்தான்.

அவன் பாட்டியோடு இருக்கிறான். பாட்டி தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறார். மருத்துவமனைக்கு வரச் சொன்ன ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளம் போகும். வாடகைக் கார் கூப்பிட்டால் முச்சந்தியோடு நின்றுவிடுகிறது, உள்ளே வந்தால் அடிப்பகுதி இடிக்கும் என்கிறார்கள். மோட்டாரில் ஏற அவனுக்குப் பயம், பாட்டிக்கு அதைவிடப் பயம். ஆகவே இரண்டு பேரும் சாலையின் கடைசியில் இருக்கும் லயத்திலிருந்து முச்சந்திக்கு நடந்தார்கள். முழு மூன்று கிலோமீட்டர். பையையும் குடையையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, குழி வரும் இடத்திலெல்லாம் பேரனின் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நடந்ததைப் பட்டறை வாசலில் நின்று நான் பார்த்தேன். லாரி வந்தால் ஓரத்துப் புல்லில் இறங்கி நிற்பார்கள். சேறு தெறித்தால், அவன் கட்டின்மேல் படாமல் பாட்டி தன் முதுகைக் காட்டி நிற்பார். ஒருமுறை அல்ல, ஆறு முறை பார்த்தேன். பட்டறைக்குக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தபோது, "யாரிடம் சொன்னால் இதைச் சரி பண்ணுவாங்க தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

நீங்கள் எனக்குக் கொடுத்த பதில்கள் இவை. வீடமைப்புக்கு நிலம் பிரித்தபோதே சாலையை ஒப்படைத்துவிட்டோம் என்றது தோட்டம். எங்கள் கைக்கு வரவில்லை என்றது நகராண்மைக் கழகம். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு சாலையே இல்லை என்றது பொதுப்பணி இலாகா. பிரச்சினை கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்றது மாவட்ட அலுவலகம். விசாரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு கொடுக்கும் மானியம், மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். பதிவேட்டில் இல்லாத சாலைக்கு அந்தப் பணத்தில் ஒரு சென்கூட வராது.  நூறு வருடத்துக்கு மேலாகத் தோட்டத்துச் சனங்கள் நடந்த சாலையை எழுதிக்கொள்ள ஒரு வரி இடம் கிடைக்கவில்லையா? முதலில் இந்த மூன்று கிலோமீட்டரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும்.

விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து முச்சந்தியில் ஒரு பதாகை கட்டினீர்கள். மோட்டார் ஓட்டுநர்கள் கவனமாக ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். தொழிற்சாலைக்கு, தோட்டத்துக்கு, பள்ளிக்குப் போகிற ஏழைகள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கவனமாக ஓட்டு என்று அவர்களுக்கே புத்தி சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் கவனமாகத்தான் ஓட்டினார்கள். நானூறு கிலோமீட்டர் அதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழிகளால் எனக்கு வருமானம் வருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று ரிம் நிமிர்த்துகிறேன். வளைந்த ஃபோர்க், உடைந்த லீவர், கிழிந்த டியூப். ரப்பர் பால் வெட்டுகிறவரும் பழம் பொறுக்குகிறவரும் நாள் சம்பளத்தை எண்ணி என் மேசையில் வைக்கிறார்கள். அந்தப் பணம் எனக்கு வேண்டாம். நல்ல சாலையில் ஓடித் தேய்ந்த டயரை மாற்றி நான் பிழைத்துக்கொள்வேன்.

பெரியவர்களே, கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். மரியாதையோடுதான் கேட்கிறேன். நான்கு தரப்பும் ஒரே நாளில் ஒன்றாக வந்து சாலையைப் பாருங்கள். இது யாருடையது என்று ஒரே ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று கிலோமீட்டரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதற்கு மாதங்கள் ஆகும் என்றால், அதுவரை பள்ளிக்கு முன்னால் உள்ள குழிகளை மட்டுமாவது தார் போட்டு அடையுங்கள். ஆலைக்கும் பள்ளிக்கும் நடுவில் இரண்டு விளக்கு போடுங்கள். அடுத்த மாதம் படிவம் ஐந்து மாணவர்களுக்கு எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வு. அந்தப் பையன் எழுதப் போகிறான். மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை, கொஞ்சம் எழுதினாலே வலிக்கிறது என்கிறான், ஆனால் எழுதுவேன் என்கிறான். தேர்வுக்கு அவன் இந்தச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலமும் தொடங்கிவிட்டது.

நீங்கள் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் பட்டறையை அடைத்துவிட்டு நானே கூட வருகிறேன். ஒவ்வொரு குழியும் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
முச்சந்தி மோட்டார் பட்டறைக்காரன்
அக்டோபர் 2025