மாலை கழற்றிய மறுநாள்: குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்

குருசாமிகளுக்கு வணக்கம்.

கார்த்திகை முதல் தேதி நெருங்குகிறது. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்ள இந்த வருஷமும் பையன்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களை எப்படி மலைக்குக் கூட்டிப் போவது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 18 வருஷம் மலையேறி, தென்னங்கன்று சுமந்தவர்கள் நீங்கள். நான் கேட்க வந்தது, திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

கோவையில் எங்கள் கணபதி பக்கம் லேத் பட்டறைகள் அதிகம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து ஷட்டர் இறங்கியதும் பையன்கள் எங்கே போவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். போன வருஷம் அதில் ஒருவன் முதல் தடவையாக, கன்னிசாமியாக மாலை போட்டான். கூடக் குடிக்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். செய்யவில்லை. அன்றைக்கே 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சில் கெட்ட வார்த்தை வந்துவிட்டால் "மன்னிச்சுக்குங்க சாமி" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்தால் "நீங்க கிளம்புங்க சாமி, பஜனைக்கு நேரமாச்சு" என்று அவர்களே அனுப்பி வைத்தார்கள்.

விடிகாலைக் குளியல், செருப்பில்லாத கால், பாய்ப்படுக்கை எல்லாம் அவன் செய்ததுதான். ஆனால் 41 நாளும் சுற்றியிருந்த அத்தனை பேரும் அவனைச் சாமியாக நடத்தினார்கள், அவனும் சாமியாக இருந்தான். (மாலை போடாமலே விரதத்தில் பாதியைச் சுமந்தவர், இருட்டோடு எழுந்து குளித்துச் சமைத்த அவன் அம்மா. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.)

நெய்யபிஷேகம் முடித்து வந்து மாலையைக் கழற்றினான். மறுநாள் பட்டறையில் முதல் கேள்வி: "கழட்டியாச்சா? அப்போ சாயந்திரம் வர்றதானே?" கேட்டது அதே ஆட்கள்தான். கெட்டவர்களும் இல்லை. அவனுக்குப் போக வேறு இடமில்லை, பஜனைக் கூடத்தை நாம்தான் அன்றோடு பூட்டிவிட்டோமே.

சில குழுக்களில் வீடு வந்து சேரும் வரைகூடப் பொறுப்பதில்லை. குற்றாலத்திலேயே மாலை இறங்கிவிடுகிறது, அப்புறம் அது சுற்றுலா வேன்தான். தலைக்கு இவ்வளவு என்று ஆள் பிடித்தால் அப்படித்தான் ஆகும்.

பழைய சகவாசத்தை வெட்டிவிடு என்று பையனிடம் சொல்லச் சொல்லவில்லை. எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வணங்கிவிட்டுத்தானே பேட்டை துள்ளுகிறோம்? கொள்ளையடிக்க வந்த வாவரை ஐயப்பன் தோழனாக்கிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதாகத்தான் நம் கதை. சன்னிதானத்திலும் வாவருக்கு நடை இருக்கிறது. நாமோ சொந்தக் கன்னிசாமியையே ஜனவரியில் கைவிட்டுவிடுகிறோம்.

மாலை போடும்போதே அவன் யாரோடு வேலை பார்க்கிறான், சாயந்திரம் எங்கே இருப்பான் என்று கேட்டு வையுங்கள். வேனில் கன்னிசாமிகளைக் கடைசி சீட்டில் மொத்தமாக அடைக்காமல், ஆளுக்கொரு பழைய சாமி பக்கத்தில் உட்கார வையுங்கள். தை பிறந்த பிறகும் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கூடத்தைத் திறங்கள். பெரிய பூஜை வேண்டாம். ஒரு விளக்கு, நாலு சரணம், சுண்டல் போதும். அவன் வரவில்லை என்றால் ஒரு போன் போடுங்கள். பட்டறை நண்பர்கள் இரண்டு பேரை அவன் கூட்டி வந்தால், கழுத்தில் மாலை இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே கூப்பிடுங்கள். கூடத்து வாடகைக்குக் குறைந்தால் எங்கள் பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள், தருவோம்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு சாமி